பூஜ்யமா, லாபமா?

பிரபஞ்சம் இருபத்திரண்டு படிகளால் ஆனது. மனித ஆன்மா பூஜ்யத்தில் புறப்பட்டு, ஒவ்வொரு எண்ணாக ஏறி, இருபத்தொன்றில் முழுமை அடைகிறது. இந்த வரிசையில் ஒரே ஒரு படி இடம் மாறினாலும் ஒரு வம்சத்தின் விதி இடம் மாறிவிடும். டேரோ கிராண்ட் மாஸ்டர் ஆச்சார்யா பரணிதரன் இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டபோது, திருவையாறு இராஜாங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் புதிதாகக் கட்டியிருந்த கல்யாண மண்டபத்தில் தங்குவதற்குச் சரியாக இருபத்திரண்டு அறைகள் இருந்தன.

இருபத்து நாலு கட்டுவதாகத்தான் இருந்தது. பின்பக்கத்து வாழைக்கொல்லைக்காரர் இடம் தர மறுத்துவிட்டார்.

"பாத்தீங்களா, தானா அமையுது," என்றார் ஆச்சார்யா, கண்ணைத் திறக்காமலே.

பரணிதரன் தஞ்சாவூரில் முதலில் இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைத்து அதிர்ஷ்டம் வரவழைக்கும் தொழிலுக்கு மாறினார். இராஜாங்கத்தின் இங்கிலீஷ் பெயரில் இரண்டு 'ஏ' கூடுதலாக வந்தது அப்போதுதான். ஆதார் கார்டில் ஒருவரும் பத்திரத்தில் இன்னொருவருமாக ஆகிப்போனதால் மண்டபத்துக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்க அரை வருடம் தாமதமானது. அந்தத் தாமதத்தையும் முன்கூட்டியே சொன்னவர் என்பதால் பரணிதரன் மீது இராஜாங்கத்துக்கு மரியாதை கூடியது. இப்போது அவர் டேரோ என்னும் மேல்நாட்டு ஜோசியச் சீட்டுக்கு வந்திருந்தார், படிக்கு ஒரு படம், ஒரு எண். கம்ப்யூட்டரில் பாடம் கேட்டுத் தேறியவர். டேரட்டு என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். கடைசி எழுத்து மௌனமாம்.

திட்டம் இதுதான். ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சீட்டின் படம், அதன் மேல் அந்தச் சீட்டின் எண். யாருக்கு எந்த எண் ராசியோ அவருக்கு அந்த அறை. அப்படி ஒரு மண்டபம் தமிழ்நாட்டிலேயே கிடையாது என்றார் ஆச்சார்யா. அதில் பொய் எதுவும் இல்லை.

முதல் கல்யாணம் இராஜாங்கத்தின் மகள் ஷோபனாவுக்கே. மாப்பிள்ளை செழியன், அவளோடு காலேஜில் படித்தவன். மயிலாடுதுறைக்காரன். அவனுடைய அம்மா கமலாம்பாள் இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்க ஒரு வருடம் ஆயிற்று, அதுவும் வாயளவில்தான். ஏதாவது ஒரு குறை கிடைத்தால் அதையே பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்று அவர் காத்திருப்பது ஷோபனாவுக்குத் தெரியும். ஆகவே எந்தக் குறையும் நேரக் கூடாது. இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கதவில் சிங்கம் மாட்டினாலும் சரி, செருப்பு மாட்டினாலும் சரி.

"முதல் ரூம் பூஜ்யம். முட்டாள்," என்று ஆரம்பித்தார் ஆச்சார்யா.

"யாரு?" என்றார் இராஜாங்கம்.

"சீட்டோட பேரு அது. தோள்ல மூட்டை, கையில ரோஜா, பக்கத்துல நாய். மலை விளிம்புல நிக்கிறான். ஒரு கவலையும் இல்லாத ஆன்மா."

"உள்ள நுழைஞ்சதும் முதல் கதவுல முட்டாள்னு மாட்டினா வர்றவன் என்னைத்தான்னு நினைப்பான். அதுவும் பூஜ்யம்னு நம்பர் போட்டு! முடியாதுங்க ஆச்சார்யா. முதல்ல லாபம்."

இராஜாங்கம் ஐம்பது வருடம் நெல்லோடு பழகியவர். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். அடுத்தது இரண்டு. பிறகு மூன்று. மரக்கால் போய் எடைமேடை வந்த பிறகும் இராஜாங்கம் எதை எண்ணினாலும், மூட்டையோ நாற்காலியோ மாத்திரையோ, லாபத்தில்தான் தொடங்குவார்.

"சரி, லாபம்னே போட்டுக்குங்க. அடுத்த கதவு ஒண்ணு, மந்திரவாதி," என்று இறங்கி வந்தார் ஆச்சார்யா.

"அடுத்தது ரெண்டுங்க. லாபத்துக்கு அப்புறம் ஒண்ணு எங்கேருந்து வரும்?"

"அய்யா, பிரபஞ்சத்துல பூஜ்யத்துக்கு அப்புறம் ஒண்ணுதான்."

"பிரபஞ்சம் நெல்லு அளந்திருக்காதுங்க."

கடைசியில் ஒரு சமரசம். முதல் கதவில் 'லாபம்' என்ற பலகை. அடுத்த கதவில் 1, அதற்கடுத்ததில் 2, இப்படியே 21 வரை. இராஜாங்கம் தலையை ஆட்டினார். தலை ஆடியதே தவிர உள்ளே இருந்த கணக்கு அசையவில்லை.

பலகைகளைச் செய்துகொண்டு வந்தவர் மண்டபத்து மேனேஜர் அஹமது கபீர். சார்ஜாவில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆறாம் எண், காதலர் சீட்டு. அதில் ஆணும் பெண்ணும் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர் பிளெக்ஸ் கடைக்காரரிடம் சொல்லி இருவருக்கும் பட்டு உடுத்தி மாலையும் போட்டிருந்தார். பின்னால் நின்ற தேவதைதான் புரோகிதர் மாதிரி தெரிந்தது.

"சார்ஜாவுல எங்க ஓட்டல்ல பதிமூணாவது மாடியே கிடையாது முதலாளி," என்றார் கபீர், மரணம் என்று எழுதிய பதின்மூன்றாம் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு. "பன்னெண்டு, அப்புறம் நேரா பதினாலு. ஒரு கஸ்டமரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

ஆச்சார்யா இரக்கத்தோடு சிரித்தார். "அப்ப பதினாலுங்கற பேர்ல இருந்தது எது பாய்? பதிமூணுதானே?"

கபீர் பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்தார். சார்ஜாவில் அவருடைய அறை அந்தப் பதினாலாம் மாடியில்தான் இருந்தது. தான் எந்த மாடியில் தூங்கினோம் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆச்சார்யா பதறிக்கொண்டு வந்தார். முந்தின நாள் வகுப்பில் ஒரு புது விஷயம் தெரிந்திருந்தது.

"எட்டும் பதினொண்ணும் இடம் மாறணும். இதுல எட்டு வலிமை, சிங்கத்தோட வாயப் பிடிக்கிற பொண்ணு. பதினொண்ணு நீதி, தராசு. ராசி வரிசைக்கு ஒத்து வரணும்னு வெள்ளைக்காரன் மாத்தி வச்சிட்டான். பழைய பிரெஞ்சுக் கட்டுல எட்டுதான் நீதி. யோசிச்சுப் பாருங்க, எட்டு யாரு? சனி. சனி யாரு? நீதிமான்!"

"அப்ப போன மாசம் நீங்க சொன்னது?" என்று கேட்டாள் ஷோபனா.

"அதுவும் சரிம்மா. இது அதைவிட சரி."

செழியனுக்குச் சிம்ம ராசி. அவனுக்குச் சிங்கம் இருக்கிற வலிமை அறை என்று முன்பே முடிவாகியிருந்தது. சிங்கம் எட்டிலிருந்து பதினொன்றுக்குப் போனதால் மாப்பிள்ளை அறையும் பதினொன்றுக்குப் போயிற்று. ஷோபனா தன் போனில் அதைக் குறித்துக்கொண்டாள். வேறு யார் மனதில் எது பதிந்தது என்று சொல்ல முடியாது.

போவதற்கு முன் ஆச்சார்யா இன்னொன்றும் சொன்னார். பன்னிரண்டு தலைகீழாகத் தொங்குபவன், பதின்மூன்று மரணம், பதினைந்து சாத்தான், பதினாறு இடி விழுந்து சரியும் கோபுரம். இந்த நான்கு அறைகளிலும் கல்யாணத்தின்போது யாரும் தங்கக் கூடாது.

"கோபுரம் சரியற படத்தைத் தஞ்சாவூர் ஜில்லாவுல மாட்டினதே தப்பு," என்றார் இராஜாங்கம். "நாலையும் பூட்டச் சொல்லிடறேன்."

"பூட்டினா போதாது. சக்தி ஓட்டத்தையே நிறுத்தணும். தண்ணி போகக் கூடாது."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வால்வுகள் வரிசையாக இருந்தன, அறைகளின் வரிசையிலேயே. கபீர் நான்கு கதவுகளையும் பலகை பார்த்துச் சரியாகப் பூட்டினார். ஆனால் சக்தி ஓட்டம் போன்ற பெரிய காரியத்தை இராஜாங்கம் சம்பளக்காரரிடம் விடவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் தாமே மாடி ஏறி, ஒவ்வொரு வால்வாகத் தொட்டுக்கொண்டே போனார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." பன்னிரண்டு வந்ததும் இறுக்கித் திருகினார். பதின்மூன்று, பதினைந்து, பதினாறு, எல்லாம் இறுக்கினார். வால்வில் பலகை கிடையாது. லாபத்தில் தொடங்கிய அவருடைய பன்னிரண்டு, கீழே கதவில் பதினொன்று. சாத்தானும் தலைகீழ் மனிதனும் மட்டும் தற்செயலாக மாட்டிக்கொண்டார்கள். மரணத்துக்கும் கோபுரத்துக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பதினாலில் யாரும் தங்கவில்லை. மாப்பிள்ளைக்கு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் மாயவரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்து இறங்கின. கமலாம்பாளுக்கு ராசி எண் மூன்று. மூன்று என்றால் மகாராணி. இதைவிடப் பொருத்தம் கிடையாது என்று இராஜாங்கமே பன்னீர் தெளித்து, சம்பந்தியம்மாளை அறைக்கு அழைத்துப் போனார்.

கமலாம்பாள் கதவைப் பார்த்தார். "மூணுன்னு சொன்னீங்க. ரெண்டுன்னு போட்டிருக்கு."

"மூணுதாங்க சம்பந்தி. எண்ணிப் பாருங்க. லாபம், ரெண்டு, மூணு."

"அப்ப பக்கத்து ரூம்ல மூணுன்னு போட்டிருக்கே, அது?"

"அது நாலுங்க."

"நான் கூட்டுறவு பேங்க்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயரானவ. என்னை எண்ணிப் பாக்கச் சொல்றீங்க?" கமலாம்பாள் பெட்டியைக் கீழே வைத்தார். "ரெண்டுல தங்க வச்சு மூணுன்னு சொல்றது, சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு என்ன தெரியும்னுதானே?"

ஷோபனா முகத்தில் பூசிய மஞ்சளோடு ஓடிவந்தாள். "அத்தை, பலகையில மூணுன்னு எது இருக்கோ அதுதான் உங்க ரூம். அப்பாவுக்கு நெல்லுக் கணக்கு. நீங்க வாங்க."

மகாராணி அறையின் ஏசியும் கட்டிலும் கமலாம்பாளுக்குக் குறை சொல்ல இடம் தரவில்லை. அதில் அவருக்கு வருத்தம்தான். உள்ளே போகும்போது கூட வந்திருந்த தன் மகளிடம் சொல்வதுபோல் ஊருக்கே கேட்கச் சொன்னார்: "இன்னும் ஒரு குளறுபடி நடக்கட்டும். செழியனை அழைச்சுக்கிட்டு மாயவரத்துக்கு வேன் ஏறிடுவேன்."

முகூர்த்தம் மறுநாள் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். விடியும் நேரத்தில் ஷோபனாவின் தலையில் அழகுநிலையத்துப் பெண் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செழியன் கிசுகிசுப்பாகப் பேசினான்.

"பாத்ரூம்ல தண்ணி வரல. ராத்திரி பசங்க ரூம்ல படுத்துட்டேன், இப்பதான் பாக்கறேன்."

"குழாயைத் திறந்தியா?"

"நானும் எஞ்சினியர்தான்டி. திறந்தேன். யாரோ இருமுற மாதிரி சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான்."

"வெளியில போய்ச் சொல்லேன்."

"அம்மா கதவு வாசல்ல துண்டோட நிக்கிறாங்க. உடம்பு பூரா எண்ணெய் வச்சு உள்ள அனுப்பியிருக்காங்க. குளிக்காம மணையில உக்கார்றது எங்க குடும்பத்துலேயே கிடையாதுன்னு உங்க சித்திகிட்ட பேசிட்டு இருக்காங்க. தண்ணி வரலைன்னு தெரிஞ்சா வேன்காரனுக்குப் போன் போயிடும். இன்னொரு கையில போன்தான் வச்சிருக்காங்க."

"எதுவும் சொல்லாத. வாளியைத் தட்டிக்கிட்டு இரு. குளிக்கிற மாதிரி இருக்கும்."

சற்று நேரத்தில் மொட்டை மாடியில் மூன்று பேர் நின்றார்கள்: பட்டு வேட்டியில் இராஜாங்கம், பையில் சாவிக்கொத்தோடு கபீர், வெல்வெட் பையில் சீட்டுக்கட்டோடு ஆச்சார்யா.

"மாப்பிள்ளை ரூம் எது?"

"பதினொண்ணு முதலாளி."

இராஜாங்கம் லாபத்தில் தொடங்கிப் பதினொன்றாவது வால்வில் கை வைத்தார். "இது தொறந்துதானே இருக்கு?"

"பூஜ்யத்துலேருந்து எண்ணுங்க," என்றார் ஆச்சார்யா.

"பூஜ்யம் எங்கங்க இருக்கு? இங்க இருக்கிறதெல்லாம் வால்வு."

"ஒருவேளை போன மாசத்துக் கணக்குல எட்டா இருக்குமோ?" என்றார் கபீர். எட்டாவதை மூடினார். கீழே ஏதோ ஓர் அறையில் ஒரு பெரியவர் "தண்ணி நின்னு போச்சு!" என்று கத்தினார். கபீர் திறந்தார். பக்கத்தில் இருந்ததை மூடினார். இப்போது ஒரு பெண் குரல் கத்தியது.

"நகருங்க," என்ற ஆச்சார்யா, வால்வுக்கு ஒன்றாகச் சீட்டை வைத்துக்கொண்டே போனார். முட்டாள், மந்திரவாதி, குருமாதா, மகாராணி... இருபத்திரண்டும் முடிந்தபோது ஒவ்வொரு வால்வின் மேலும் ஒரு விதி அமர்ந்திருந்தது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

"வலிமை இங்க இருக்கு. இதுதான் மாப்பிள்ளையோட வால்வு."

"ஆச்சார்யா, நீங்க அந்தக் கோடியிலேருந்து ஆரம்பிச்சிருக்கீங்க."

"கிழக்கேருந்துதான் ஆரம்பிக்கணும், பாய்."

"ரூமு மேற்கேருந்து ஆரம்பிக்குது."

ஆச்சார்யா நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஒரு கணம் தன் பையில் இருக்கும் கட்டு பிரெஞ்சா இங்கிலீஷா என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. இராஜாங்கம் விரல்களை மடக்கி லாபம், ரெண்டு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பதினொன்று முழுவதும் கைவிரல்களில் அடங்காததால் மறுபடியும் லாபத்துக்கு வந்தார். கபீருக்குத் தாம் நிற்பது இரண்டாவது மாடியா மூன்றாவதா என்பதுகூடச் சந்தேகமாக இருந்தது.

"எல்லாத்தையும் தொறந்து விடுங்கய்யா!" என்று கத்தினார் இராஜாங்கம்.

எல்லாவற்றையும் திறந்தார்கள். குழாய்களில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கபீர் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு பிளாஸ்டிக் குவளை கிடந்தது. மரணத்திலும் கோபுரத்திலும் பெயின்டர்கள் பிரஷ் கழுவிய குழாய்களை மூடாமலே போயிருந்தார்கள். பூட்டிய கதவுகளுக்குள் ராத்திரி முழுவதும் தண்ணீர் ஓடியிருந்தது. மிச்சம் இருந்ததில் மாப்பிள்ளை வீட்டார் குளித்து முடித்திருந்தார்கள், மாப்பிள்ளையைத் தவிர.

"மோட்டாரைப் போடுங்க!"

"போட்டாச்சு முதலாளி. குழாய்க்குத் தண்ணி வர முக்கால் மணி நேரம் ஆகும்."

மணி ஏழு ஆகப்போகிறது.

"காவிரிக்கு அழைச்சுட்டுப் போனா என்ன?" என்றார் ஆச்சார்யா. "புண்ணியமும் ஆச்சு."

"வைகாசி மாசங்க இது. மேட்டூர் இன்னும் தொறக்கல," என்றார் கபீர். "மணல்ல புரண்டுட்டுதான் வரணும்."

ஷோபனா மாடிப்படியில் நின்று இதைக் கேட்டாள். கூறைப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கினாள். இலைக்கு ஒன்றாக வைத்திருந்த சின்னத் தண்ணீர் பாட்டில்களில் இரண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்தாள். பதினொன்றாம் அறையின் குளியலறை ஜன்னல் எது என்று அவள் எண்ணவில்லை. வாளி தட்டும் சத்தம் எங்கே கேட்டதோ அங்கே நின்றாள்.

"செழியா. கையை நீட்டு."

ஜன்னல் வழியாக எண்ணெய் வழியும் கை ஒன்று வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டது.

"இது எதுக்கு? வாய் கொப்பளிக்கவா?"

"தலையை மட்டும் நனை. நல்லா சொட்டச் சொட்ட. மிச்சத்துல மூஞ்சி, காதுக்குப் பின்னாடி. எண்ணெயைத் துடைச்சுட்டு விபூதிய நெறையப் பூசு."

"உடம்பு பிசுபிசுன்னு இருக்குடி."

"பட்டு வேட்டி எதுக்கு இருக்கு?"

"அம்மாவ ஏமாத்தற மாதிரி இல்ல?"

"பேஸ்ட்டைத் துப்பிட்டுப் பேசு. மூணு நிமிஷத்துல வெளியில வரணும். முடிஞ்சா குளிருற மாதிரி நடுங்கு."

மூன்று நிமிடத்தில் கதவு திறந்தது. செழியன் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, நெற்றி நிறைய விபூதியோடு, லேசாக நடுங்கிக்கொண்டு வெளியே வந்தான். கமலாம்பாள் துண்டால் மகனின் தலையைத் துவட்டினார். துவட்டத் துவட்ட முகம் இளகிற்று. "இவ்ளோ நேரம் எந்தக் கல்யாணத்துலடா மாப்பிள்ளை குளிக்கிறான்?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற இராஜாங்கத்திடம், "தண்ணி வசதி நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க சம்பந்தி. அதைச் சொல்லணும்," என்றார். போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இராஜாங்கம் கும்பிட்டார். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெளிவாக இல்லை.

முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை விழுந்தது. அப்புறம் ஆச்சார்யா பரணிதரனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மணமக்கள் வலிமை என்னும் பதினொன்றாம் படியில் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள் என்றும், எண்களின் வரிசை தன் வேலையை எப்படியும் செய்தே தீரும் என்றும் பேசினார். கூட்டம் கை தட்டியது. கமலாம்பாள் தம் ஊர்க்காரர்கள் நான்கு பேருக்கு ஆச்சார்யாவுடைய விசிட்டிங் கார்டை வாங்கிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை குளிக்காமல்தான் தாலி கட்டினார்.